வேதக்காரத் தெருவின் பெயர்கள்

எங்க தாத்தாவுக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானப் புத்தகத்தில் சூசை. ரேஷன் கார்டில், ஓட்டர் லிஸ்ட்டில், மலை மேல் ஏலத்தோட்டத்துச் செக்ரோலில் சடையன். அப்பத்தா இந்த இரண்டில் எதையும் வாயில் எடுக்கமாட்டாள். அவளுக்கு 'இந்தா பாருய்யா'தான். மேலத்தெருக்காரர்களுக்கும் இரண்டு பெயருமே தேவைப்படவில்லை. எழுபது வயசு மனுசனை, மீசை முளைக்காத பயல் 'ஏலே' என்று கூப்பிடுவதை நான் என் காதால் கேட்டு வளர்ந்திருக்கிறேன்.

பேரில் என்ன இருக்கு, கூலியைப் பேசு, நிலத்தைப் பேசு என்று சொல்கிற தோழர்கள் நம்மிடையே உண்டு. கூலியையும் நிலத்தையும் பேசத்தான் வேண்டும். ஆனால் எந்தப் பெயரில் பேசுவது? கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு தலித் கிறிஸ்தவக் குடும்பம் தாலுகா ஆபீஸ் படியேறினால் முதலில் கேட்கப்படுவது பெயர்தான். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, எப்படித் திரிந்தது, யார் வைத்தார்கள் என்று தேடப்போனால் அது கலிலேயா வரை போய்த் திரும்பி வருகிறது.

எங்கள் தெருவுக்கு ஊரில் வைத்த பெயர் 'வேதக்காரத் தெரு'. மதுரைச் சீமை முழுக்கக் கிறிஸ்தவர்களை வேதக்காரர்கள் என்றே சொல்லுவார்கள். 'அவுக வேதத்துல சேந்துட்டாக' என்றால் மதம் மாறிவிட்டார்கள் என்று பொருள். சின்ன வயதில் இந்தச் சொல் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. எம்.ஏ. படிக்கப் போய், வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றச் சொன்ன தர்மசூத்திரத்தைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகுதான் நின்று யோசித்தேன். சூத்திரனுக்கே அந்தக் கதி. அவனுக்கும் கீழே, ஊருக்கும் வெளியே கிடந்த பறையன் 'வேதக்காரன்' ஆனது எப்படி?

இத்தாலியிலிருந்து வந்த இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். அதற்கு முன்பே மதுரையில் ஒரு போர்ச்சுக்கீசியப் பாதிரியார் இருந்தார். கடற்கரைப் பரதவர்களோடு தொடர்பு வைத்திருந்த அவரையும் அவர் மதத்தையும் 'பறங்கி' என்று ஊர் ஒதுக்கியது. நொபிலி தன்னைப் பறங்கி இல்லை என்றார். காவி உடுத்தினார். மரக்கறி உண்டார். உரோமாபுரிச் சன்னியாசி என்றார். தன் மதத்துக்கு அவர் வைத்த பெயர் சத்திய வேதம். குரு, பூசை, பிரசாதம் என்று கோயில் மொழியை எடுத்துத் தன் சபைக்குச் சூட்டினார். தமிழ் உரைநடைக்கு அவர் செய்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொற்களோடு கூடவே சாதியும் படியேறி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

அவர் காலத்திலேயே, 1640இலிருந்து, மதுரை மிசனில் சாமியார்களே இரண்டு வகை ஆனார்கள். உயர்சாதிக்காரர்களுக்குப் பிராமண சன்னியாசி. மற்றவர்களுக்குப் பண்டாரசாமி. ஒரே சபை, ஒரே திருப்பலி, ஆனால் சாமியாருக்கு இரண்டு பெயர். சேரிக்குப் போன சாமியோடு அக்கிரகாரத்துச் சாமி வெளிப்படையாகப் பழகினால் அவர் வேலை கெட்டுவிடும் என்ற நிலை. 1704இல் போப்பின் தூதராக வந்த துர்னோன், பறையர் வீட்டில் நோயாளி இருந்தால் அந்த வீட்டுக்கே போய்த்தான் அவஸ்தைப்பூசுதல் கொடுக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். அதற்கும் ஓர் உத்தரவு வேண்டியிருந்தது, பாருங்கள். நாற்பது வருசம் இழுத்தடித்து 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் முடிவாக ஒரு ஆணை விட்டபோது, பறையர்களுக்கென்று தனியாகச் சில குருக்களை ஒதுக்கிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு வழி கிடைத்தது. ஆக, வேதம் எங்கள் காதுக்குள் வந்தது. ஈயம் வரவில்லை. தனி வாசல் வந்தது.

வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு கோயில் கட்டினார்கள். சாதிக்கொரு கையாக இரண்டு பக்கம் பிரிந்து பீடத்தில் மட்டும் சேர்கிற அமைப்பு. சனங்கள் அதைக் கால்சட்டைக் கோயில் என்றே சொன்னார்கள். பிரித்து வைத்த சுவர் 1910இல்தான் இடிபட்டது. கட்டடத்துக்கு ஊர் வைத்த பெயர் பாதிரியார் எழுதி வைத்த பெயரைவிட உண்மையைச் சொல்லிவிடுகிறது.

இனி ஆட்பெயர்களுக்கு வருகிறேன்.

அப்பா வீடு ஆர்.சி., அம்மா வீடு பெரியகுளம் பக்கத்துச் சி.எஸ்.ஐ. அம்மா இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு சங்கடம். அவர் பேதுரு என்பார், அப்பத்தா இராயப்பர் என்பாள். அவர் பவுல், இவள் சின்னப்பர். அவர் யோவான், இவள் அருளப்பர். அவர் ஸ்தேவான், இவள் முடியப்பர். இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் சொல்கிறார்கள் என்று புரியவே பல மாதம் ஆனதாம். 'உங்க சாமியார் வேற, எங்க சாமியார் வேறன்னுல்ல நெனச்சேன்' என்று அப்பத்தா சிரிப்பாள். தும்மினால் மட்டும் அவளுக்கு 'சேசு மரி சூசை'தான். அதை எந்த மருமகளாலும் மாற்ற முடியவில்லை.

பழைய கத்தோலிக்கப் பெயர்களில் பாதி, அர்த்தத்தைப் பார்த்து வைத்தவை. பவுலுஸ் என்றால் இலத்தீனில் சிறியவன், அதனால் சின்னப்பர். யோவான் என்ற எபிரேயப் பெயருக்குக் கடவுளின் அருள் என்று பொருள், அதனால் அருளப்பர். ஸ்தெபானோஸ் கிரேக்கத்தில் முடி, மகுடம். முடியப்பர் பிறந்தார். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு 'அப்பர்'. அழகான தமிழ்தான், சந்தேகமில்லை. பேதுருவில்தான் இடிக்கிறது. சீமோன் என்ற மீன்பிடிக்கிற ஆளுக்கு இயேசு வைத்த பெயர் கேபா. அரமேய மொழியில் பாறை. கிரேக்கத்தில் பெத்ரோஸ். தமிழில் இராயப்பர் என்று வந்தபோது பாறை போய்விட்டது, ராயர் வந்துவிட்டார். விஜயநகரத்து ராயர்கள், அவர்கள் அனுப்பிய நாயக்கர்கள் ஆண்ட சீமையில் ராயர் என்ற சொல் காதில் எப்படி விழுந்திருக்கும்? வலைக்காரர் ஒரே எழுத்தில் சிம்மாசனம் ஏறிவிட்டார்.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் இராயப்பன்பட்டி இருக்கிறது. பனிமய மாதா கோயிலும் திராட்சைத் தோட்டமுமாய் இருக்கிற ஊர். அந்தப் பெயரைக் கேட்டால் கத்தோலிக்கக் காதுக்குப் பேதுருதான் நினைவுக்கு வருவார். கொஞ்சம் தள்ளி அனுமந்தன்பட்டி. அங்கேயும் கத்தோலிக்கக் கோயில் உண்டு. அனுமந்தன் பேரில் ஊர், அதில் சர்ச் மணி. பள்ளத்தாக்கில் பெயர்கள் இப்படித்தான் ஒன்றுக்குள் ஒன்று கிடக்கின்றன. நம்ம சனம் குடியிருக்கிற இடத்துக்கு மட்டும் சாமி பேரும் இல்லை, ஆள் பேரும் இல்லை. முதலில் சேரி, பிறகு அரிசன காலனி, பிறகு ஆதிதிராவிடர் காலனி. காலனி என்ற சொல்லே இழிவாகிவிட்டது, அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குகிறோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க 2025 வரை ஆயிற்று.

இராயப்பருக்குத் திரும்புகிறேன். இயேசுவைப் பிடித்துக்கொண்டுபோன இரவில், தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் பேதுரு நெருப்பில் குளிர்காய்கிறார். அவரை அடையாளம் காட்டிக்கொடுத்தது எது தெரியுமா? அவருடைய பேச்சு. நீ கலிலேயாக்காரன், உன் பேச்சே சொல்லுது என்கிறார்கள். எருசலேம்காரர்களுக்குக் கலிலேயா என்றாலே இளக்காரம். நாசரேத்து என்ற ஊர்ப்பெயரைக் கேட்டதும், அங்கிருந்து உருப்படியாக என்ன வந்துவிடும் என்கிற மாதிரி நத்தனியேல் கேட்டது யோவான் நற்செய்தியிலேயே இருக்கிறது. வாயைத் திறந்தால் தெரு தெரிந்துவிடுகிற ஆள் பேதுரு. மதுரையில் காலேஜ் ஆஸ்டலில் முதல் வாரம் நான் வாயைத் திறக்கப் பயந்து கிடந்தேன். 'எந்த ஊரு?' என்பார்கள், சொன்னதும் 'ஊருக்குள்ளயா, வெளியவா?' என்பார்கள். அந்தப் பேதுருவை எனக்குத் தெரியும். இராயப்பரைத் தெரியாது.

சூசைக்கும் இதே கதைதான், இன்னும் மோசமாக. யோசேப்பு என்ற தச்சுத் தொழிலாளிதான் எங்கள் வாயில் சூசை. வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணி 3615 பாட்டு. பாட்டுடைத் தலைவன் இந்தச் சூசைதான். ஆனால் காவியத்தில் அவருக்குப் பெயர் வளன். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குப் பெருகுக, கூடுக என்ற பொருள், அதைத் தமிழாக்கி வளன். திருமுழுக்கு யோவான் கருணையன் ஆனார். வகுப்பில் இந்தப் பாடம் நடந்தபோது, வளன் வளன் என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள்தான் உறைத்தது: அட, இது எங்க தாத்தா பேரு! சூசை என்றால் சேரியில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். வளன் என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். காவியத்துக்குப் போகும்போது தச்சரும் சட்டை மாற்றிக்கொண்டுதான் போகவேண்டியிருக்கிறது.

இன்னொரு சூசை இருக்கிறார். காவியத்தில் இல்லை, சட்டப் புத்தகத்தில். சென்னையில் தெருவோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். தெருவோரத்துச் செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசாங்கம் இலவசமாகப் பங்க் கடை கொடுத்தது. இவருக்கு இல்லை என்றது, கிறிஸ்தவர் என்பதால். ஊசியும் தோலும் அதே, உட்கார்ந்திருக்கிற பிளாட்பாரமும் அதே. சூசை உச்சநீதிமன்றம் வரை போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடரலாம். ஆனால் கிறிஸ்தவ சமூகத்துக்குள்ளும் அதே அளவு ஆழமான இழிவும் பின்தங்கலும் இருப்பதற்குச் சான்று காட்டவில்லை என்று தள்ளிவிட்டார்கள். சான்று! கல்லறைத் தோட்டத்துக்கு வந்து பார்த்திருக்கலாம்.

1950இல் குடியரசுத் தலைவர் பெயரில் வந்த அட்டவணைச் சாதிகள் ஆணை இந்துவை மட்டுமே பட்டியலில் வைத்தது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் எத்தனை தலைமுறை ஆனாலும் பி.சி. அடிப்பவனுக்கு நாம் பறையன், வழக்குப் போடும்போது பி.சி.; வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்குக் கிடையாது. ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007இலேயே இந்த மதத் தடையை நீக்கச் சொல்லிவிட்டது. அறிக்கை கிடக்கிறது.

ஆக, எங்கள் தெருவில் குழந்தை பிறந்தால் இரண்டு பெயர். கோயிலுக்கு ஒன்று, சர்ட்டிபிகேட்டுக்கு ஒன்று. அப்பாவுக்குக் கோயிலில் சின்னப்பன், பள்ளிக்கூடத்தில் முருகேசன். என் சாதிச் சான்றிதழுக்காக வீட்டைப் பார்க்க வந்த அதிகாரி முதலில் சுவரைத்தான் பார்த்தார். முதல் நாள் ராத்திரியே அப்பா மாதா படத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டார். ஆணியை மறந்துவிட்டார். படம் இருந்த இடம் மட்டும் சுவரில் வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்தது. அதிகாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அப்பா வேர்த்துக் கொட்டி நின்றதை நான் மறக்கவில்லை.

இதை ஏமாற்று என்பார்கள். சாமி கும்பிடுகிற உயர்சாதிக் கிறிஸ்தவர்களும் சொல்லுவார்கள், கோர்ட்டும் சொல்லும். புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டே வேலைக்காக இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றே பேசியது. சரி, சின்னப்பரைக் கேட்போம். அவருக்கும் இரண்டு பெயர். யூதர் மத்தியில் சவுல், உரோமை உலகத்தில் பவுல். மனம் மாறியதும் பெயர் மாறியது என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். அப்போஸ்தலர் பணி நூலைப் பொறுமையாகப் படித்தால் அப்படி இல்லை. தமஸ்கு வழியில் விழுந்து எழுந்து வெகுகாலம் அவர் சவுல்தான். உரோமை அதிகாரியைப் பார்க்கப் போகிற சைப்ரஸ் தீவில்தான், சவுலுக்குப் பவுல் என்றும் பெயர் உண்டு என்று நூல் சொல்கிறது. எருசலேமில் அவரைக் கட்டி வைத்துச் சாட்டையால் அடிக்கப்போகும் நேரத்தில், நான் உரோமைக் குடிமகன், என்னை இப்படி அடிக்கலாமா என்று கேட்டுத் தப்பித்தவர் அவர். அடி விழப்போகும்போது எந்தக் காகிதம் முதுகைக் காப்பாற்றுமோ அதை எடுத்து நீட்டினார். அவரை யாரும் மோசடிக்காரர் என்று சொல்லவில்லை. அவர் பெயரில் பேராலயம் இருக்கிறது.

இனி சில சொற்கள். 1995இல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வந்தது. இராயப்பரும் சின்னப்பரும் அச்சிலிருந்து போய், பேதுருவும் பவுலும் எங்கள் கோயிலுக்கு வந்தார்கள். அம்மா ஜெயித்துவிட்டார் என்று வீட்டில் கேலி. ஆனால் சி.எஸ்.ஐ. கோயில்களில் பெரும்பாலும் இன்றும் பழைய மொழிபெயர்ப்பைத்தான் வாசிக்கிறார்கள். அதில் திராட்சைத் தோட்டத்துக் கூலிக்காரர் உவமை வருகிறது. விடியற்காலம் சந்தைவெளியில் கூலிக்காக ஆட்கள் நிற்கிறார்கள். பழைய மொழிபெயர்ப்பில் தோட்டக்காரர் 'வீட்டெஜமான்', நாள் கூலி ஒரு 'பணம்'. புதியதில் தோட்டக்காரர் 'நிலக்கிழார்', கூலி ஒரு 'தெனாரியம்'. வடமொழி போய்ச் செந்தமிழ் வந்தது, சரிதான். ஆனால் கிழார் என்பது யாருடைய பட்டம்? எங்கள் பள்ளத்தாக்கில் 1895இல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இறங்கி வந்த பிறகு நெல் விளைந்தது, தோட்டம் பெருகியது, இன்று கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வரை 2023இல் கிடைத்துவிட்டது. கொத்து வெட்டுகிறவர்களில் எத்தனை பேருக்குச் சொந்தமாக ஒரு பந்தல் இருக்கிறது? அப்பத்தா கடைசி வரை விடியக் கருக்கலில் ஜீப்புக்காக ரோட்டில் நின்றவள். பைபிளில் வேறு எதுவும் புரியாவிட்டாலும் அந்த உவமை மட்டும் அவளுக்கு விளக்கம் வேண்டாதது. 'தெனாரியம்னா எம்புட்டுடா?' என்று கேட்டாள். ஒரு நாள் கூலி என்றேன். 'அப்ப கூலின்னு எழுத வேண்டியதுதான, என்னத்துக்கு அந்தப் பேரு' என்றாள். நான் படித்த எம்.ஏ.வில் இதற்குப் பதில் இல்லை.

இன்னொரு சொல்லும் என்னை உறுத்துகிறது. கடலைக் கடந்த பிறகு மோசேயின் அக்கா மிரியாம் கையில் ஒரு கருவியை எடுத்துக்கொண்டு ஆடுகிறாள், பெண்கள் எல்லாம் பின்னால் ஆடிப் போகிறார்கள். எபிரேயத்தில் 'தோஃப்'. வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி அடிக்கிற கருவி. அடிமைத்தளை அறுந்த அன்று அடித்தது. தமிழ்ப் பைபிளில் அது முதலில் 'தம்புரு' ஆனது. கேட்டால் சுதி மீட்டுகிற தம்புரா ஞாபகம் வருகிறது. பொது மொழிபெயர்ப்பில் 'கஞ்சிரா' ஆனது. கச்சேரி மேடைக் கருவி. வட்டச் சட்டத்தில் தோல் கட்டி அடிக்கிற கருவிக்குத் தமிழில் இரண்டாயிரம் வருசமாக ஒரு பெயர் இருக்கிறதே, பறை என்று? கஞ்சிராவின் உடும்புத்தோல் பீடம் வரை போகலாம், மாட்டுத்தோல் போகக்கூடாதா?

இதைச் செய்து காட்டிய ஒருவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்தார். தியாப்பிலஸ் அப்பாவு. 2005இல் இறந்துபோனார். பரட்டை என்ற, ஏச்சுக்குப் பயன்படுகிற சொல்லையே தன் பெயராக வைத்துக்கொண்டார். கர்னாடக இசையில் மிதந்த சபைப் பாட்டை நாட்டுப்புற மெட்டுக்கும் பறைக்கும் இழுத்து வந்தார். 'இராப்போஜனம்' என்று சபை சொன்னதை அவர் 'ஒரு ஒலை' என்று பேசினார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து தின்பது. இதற்கு அம்மா வழிச் சபையில் பழைய வரலாறும் உண்டு. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தொடங்கிய அமெரிக்கன் மதுரா மிசன், 1847இல் ஒரு கண்டிசன் போட்டது. சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து உண்ணவேண்டும். வேதத்தைக் கரைத்துக் குடித்த உபதேசிமார் பலர் இலையில் உட்காரவில்லை. வேலையை விட்டுவிட்டுப் போனார்கள். போஜனம் என்ற சொல் தடையில்லை, பந்திதான் தடை. நம் பக்கத்தையும் சொல்லிவிடவேண்டும். எங்கள் வேதக்காரத் தெருவில் சக்கிலியக் குடும்பத்தோடு ஒரு உலையில் சோறு பொங்கிய வீடு எத்தனை என்று விரல் விட்டு எண்ணினால் ஒரு கை முடியாது.

தாத்தா செத்தது ஒரு தவக்காலத்தில். கல்லறைத் தோட்டத்தில் எங்கள் சனத்துக்கென்று இருக்கிற கீழ்ப்பக்கத்தில்தான் குழி. சிலுவையில் சூசை என்று பெயிண்டில் எழுதினோம். இறப்புச் சான்றிதழில் சடையன். அவர் பேரில் போஸ்ட் ஆபீஸில் கொஞ்சம் பணம் இருந்தது. ஏதோ ஒரு பங்குச்சாமி நல்ல மனசோடு கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தபோது சூசை என்றே எழுதிவிட்டார் போல. பணம் எடுக்கப் போனால், செத்தது சடையன், கணக்கு சூசையுடையது, இரண்டும் ஒரே ஆள்தான் என்று சான்று கொண்டு வா என்றார்கள். மூன்று முறை அலைந்தேன். அந்த அலைச்சலுக்கிடையில் அப்பாவுக்கு ஒரே பயம், இந்த ஒரு காகிதத்தால் என் சாதிச் சான்றிதழுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று. 'போனாப் போகுது விடு' என்றார். நான் விடவில்லை. 'சடையன் என்கிற சூசை' என்று எழுதிச் சீல் வைத்துக் கொடுத்தார்கள். சீமோன் என்கிற பேதுரு மாதிரி.

பணத்தை வாங்கி அப்பத்தா கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்தாள். காகிதத்தில் என்ன எழுதியிருக்கு, படிடா என்றாள். படித்தேன். தாத்தாவின் இரண்டு பெயரும் ஒன்றாக அன்றைக்குத்தான் அவள் காதில் விழுந்தன. காகிதத்தை வாங்கி நாலாய் மடித்து, மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.